எரியோட்டில் நின்ற புள்ளி

என் வீட்டுக்காரர் இன்று ஒரு சைக்கிள் சங்கம் நடத்தும் முந்நூறு கிலோமீட்டர் பயணம் போயிருக்கிறார். பஞ்சரோ பசியோ, வழியில் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதியாம்.

அவர் இருக்கும் இடத்தை என் போனில் ஒரு புள்ளி காட்டும். எரியோடு ஊர்ப் பக்கம் அது வெகுநேரம் அசையவில்லை. பதறிப்போய் ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

வாந்தி எடுத்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். மோர் பாட்டிலை நீட்டினேன்.

"வேணாம்டி. வெளியாள் கையால வாங்குனா இம்புட்டு தூரம் மிதிச்சதே செல்லாது."

"அப்ப நான் வெளியாளா?"

எழுந்து போனார். எதிர்க்கடையில் சோடா வாங்கிக் குடித்தார். கடையில் வாங்கினால் தப்பில்லையாம். தள்ளாடியபடியே ஏறி மிதித்துப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த மோரை நானே குடித்தேன்.

புள்ளி மறுபடியும் நின்றிருக்கிறது. போனையும் எடுக்கவில்லை. வெளியாள் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.