டாக்டரம்மா போடச் சொன்ன பொத்தான்

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கிளம்பும் நேரத்தில் போடி மருந்தகத்துக் கம்பவுண்டர் ராமையா எங்கள் ஊர் சிலமலைக்கே சைக்கிள் மிதித்து வந்துவிட்டார். வந்தவர் உட்காரவில்லை. "அண்ணே, நம்ம டாக்டரம்மா தவறிட்டாங்க. மதுரையில, நேத்துச் சாயங்காலம்" என்றார். எந்த டாக்டரம்மா என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு டாக்டரம்மாதான்.

டாக்டர் சௌந்தரவல்லியைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மில் தொழிலாளிக்கு மனநோய் வந்தால், காப்பீட்டில் அவனுக்கு எதுவரை மருந்து, எதுவரை பாதிச் சம்பளத்தோடு விடுப்பு, எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று நேரில் பார்த்து முடிவு சொல்வது அவர் வேலை. மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து போடி மருந்தகத்துக்கு வருவார். அவருக்கு 'வெட்டு டாக்டர்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. விடுப்பை வெட்டிவிடுவாராம். வைத்தவர்கள் நம் மில்காரர்கள்தான், நானும் சிரித்தவன்தான்.

பட்டப்பெயரில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ராசிங்காபுரத்து ஆள் ஒருவர் தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகச் சொல்லி, அவர் முன்னால் கண்ணை உருட்டிச் சாமியாடியே காட்டினார். டாக்டரம்மா முடியும்வரை பொறுமையாகப் பார்த்தார். "ஆட்டம் நல்லா இருந்துச்சு. இப்ப உண்மையைச் சொல்லுங்க, எதுக்கு லீவு?" பெண்டாட்டிக்குப் பேறுகாலம், பார்க்க வேறு ஆள் இல்லை என்று அவர் அழுதார். அந்த லீவை மில்லில் எப்படிக் கேட்பது என்று டாக்டரம்மாவே சொல்லி அனுப்பினார்.

எழுபதுகளின் கடைசியில் நான் அவர் முன்னால் நின்றேன். எனக்கு ஆட்டம் தேவைப்படவில்லை, நிஜமாகவே வந்திருந்தது. நூற்பு மிஷின் என்னைப் பேர் சொல்லித் திட்டுவதுபோல் கேட்டது. மாதம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை. உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியையும் பார்த்தாகிவிட்டது. கையில் நடுக்கம், சோறு எடுத்துத் தின்னக்கூடத் தோன்றாது. மருந்தும் விடுப்பும் நின்றால் நான் திரும்ப அந்த மிஷின் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். அது என்னைக் கொன்றிருக்கும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் என் அண்ணன் ஒரு காரியம் செய்தார். நம்ம பக்கத்தில் அதிகாரி முன்னால் அழுக்கு வேட்டியோடு போகமாட்டோமே! என்னைக் குளிப்பாட்டி, சவரம் செய்யவைத்து, தன் கல்யாண வேட்டியைக் கட்டிவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசினார். "எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லுடா. பைத்தியம்னு எழுதிட்டாங்கன்னா மில்லு வாசல்ல நிக்க விடமாட்டாய்ங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். மாப்பிள்ளை மாதிரிப் போய் நின்றேன். கேட்டதற்கெல்லாம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். கிளிப்பிள்ளை தோற்றுவிடும்.

டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டார். பார்த்து முடித்ததும், "சட்டையைப் போட்டுக்கங்க" என்றார். மேல் பொத்தானைப் பிடித்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை, பிடித்தபடியே நின்றேன். அண்ணன் பாய்ந்து வந்தார். "நீங்க உக்காருங்க" என்று டாக்டரம்மா அவரைத் தடுத்துவிட்டு, என்னிடம் கேட்டார்: "வீட்டுல யாரு போட்டுவிடுறது?"

"எஞ் சம்சாரம்."

"அவங்க எங்க?"

"ஏலக்கா எடுக்க மலைக்குப் போயிருக்கா."

அன்று டாக்டரம்மா மதுரை ரயிலைப் பிடிக்கவில்லை. தோட்டத்து ஜீப்பு வந்து நிற்கும் இடத்தில் ராமையாவோடு போய் நின்றார். என் சம்சாரம் பேச்சியம்மாள் இறங்கினாள். அவளுக்கும் அண்ணன் பாடம் சொல்லிவைத்திருந்தார். "நல்லா இருக்காருங்கம்மா" என்றாள்.

"அவரு வேலை எங்கயும் போகாது. அதுக்கு நான் பொறுப்பு. நீங்க இல்லாதப்ப எப்பிடி இருக்காரு?"

காய்க்கறை படிந்த கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாளாம். "சோத்தப் போட்டு மூடி வச்சிட்டுத்தாம்மா போறேன். வந்து பாத்தா வச்சது வச்சபடியே இருக்கு. உக்காந்த எடத்துலேயே உக்காந்திருக்காரு."

மருந்தும் விடுப்பும் நீண்டன. அடுத்த முறை மில் அதிகாரி ஒருவர் மருந்தகத்துக்கே வந்து, "ஆளு தெளிவாத்தானே பேசுறான், இன்னும் எதுக்கு மருந்து?" என்று வாதாடினார். டாக்டரம்மா சொன்னதை ராமையா இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "தேவாரம் ஊருத் தோட்டத்துல ஒரு மாசம் யானை வரலேன்னா காவக்காரனை வீட்டுக்கு அனுப்பிருவீங்களா? காவல் இருக்குறதாலதான் சார் அது வரலே."

ஒவ்வொரு முறையும் கடைசியில் அதே சோதனைதான். "சட்டையைப் போட்டுக்கங்க." அதைச் செய்துகாட்ட எனக்கு ஒரு வருஷத்துக்கு மேலானது. ஒரு நாள் மேலிருந்து கீழ்வரை நானே போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால் ஒரு ஓட்டை மாறி, சட்டை ஒரு பக்கம் ஏறி நின்றது. வெட்கமாகப் போய்விட்டது. டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பு. "மாறிப் போனா என்ன? நீங்க போட்டதுதானே!" என்றார். அடுத்த மாதம் வேலைக்குப் போனேன். சத்தம் குறைந்த பகுதியில் வேலை கொடுக்கச் சொல்லி எழுதியவரும் அவர்தான். மருந்தை மட்டும் நிறுத்தவிடவில்லை.

நான் உழைத்துச் சாப்பிடுகிறேன், என் பெண்டாட்டி பயமில்லாமல் மலைக்குப் போய்வருகிறாள் என்றால் அது அவர் கொடுத்தது. இதைவிடச் சுற்றிவளைத்து நன்றி சொல்ல எனக்குத் தெரியாது.

ராமையா சொன்ன அன்று, மதுரைக்குப் போக வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினேன். வெகுநாளைக்குப் பிறகு கை நடுங்கியது. பேச்சியம்மாள் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "வேணாம் ஆத்தா, நானே போட்டுக்கிறேன்" என்றேன். டாக்டரம்மாவிடமிருந்து எனக்கென்று இருப்பது 'நீங்க போட்டதுதானே' என்ற அந்த ஒரு வார்த்தைதான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். ஒரு ஓட்டை மாறித்தான் இருந்தது. திருத்தாமல் அப்படியே போய் அவர் காலடியில் நின்றேன்.