மலைக்கு அப்பால் ஒரு சிவப்புக் குண்டூசி

அருங்காட்சியகத்தின் பின்பக்கம், ஆல்கஹால் வாடை அடிக்கும் அறையில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக ஒரே பிராணியின் பல்லை வரைந்துகொண்டிருப்பவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர் வராமல் வேறென்ன வரும்? வாசலில் டிக்கெட் கிழிப்பவர் முதல் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபமெல்லாம் ஒட்டகச் சிலந்தி என்ற அந்தப் பிராணியைச் சிலந்தி என்று நினைப்பவர்கள் மேல்தான்.

"சிலந்தியும் இல்ல, தேளும் இல்ல. விஷமே கிடையாது. பத்துக் கால் மாதிரி தெரியும், எட்டுதான். முன்னாடி இருக்கிற ரெண்டும் தடவிப் பார்க்கிறதுக்கு. அது உங்களைத் துரத்தலீங்க, உங்க நிழலைத் துரத்துது. வெயில் தாங்காது பாவம்" என்று அவள் ஆரம்பித்தால், கேட்பவர்கள் கையில் டீ ஆறிப்போகும்.

அவளுக்கு அதைப் பார்த்துப் பயமே வந்ததில்லை, வந்ததெல்லாம் வியப்புத்தான். விரல் நீளம்கூட இல்லாத உடம்பு, அதில் பாதி தாடையோ என்று தோன்றும். பக்கம் பக்கமாக இரண்டு இடுக்கிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னதும் பெரியதுமாய்ப் பல் வரிசை. எந்தப் பல்லுக்கு அடுத்து எந்தப் பல் என்று பார்த்துத்தான் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பார்கள். ஆணுக்குத் தாடைமேல் மெல்லிய கொடி போல ஓர் உறுப்பு இருக்கும். அதைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பெண்ணுக்குப் பல்தான் கதி.

ஆய்வறைத் தலைவர் சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தார். மலைத்தொடருக்கு மேற்கே, வறண்ட நிலமெங்கும், பிராணி கிடைத்த இடத்திலெல்லாம் நீலக் குண்டூசிகள். அத்தனையும் ஒரே குடும்பம். மலைக்குக் கிழக்கே தன்னந்தனியாக ஒரு சிவப்புக் குண்டூசி. அங்கே கிடைத்தது ஒரே ஒரு பெண். அதன் மேல்தாடையில் நடுப்பல் இல்லை. அதை வைத்துத்தான் தலைவர் அதற்கென்று தனிக் குடும்பம் உண்டாக்கிப் பெயர் சூட்டினார். உலகத்தில் நாலு பேருக்கு அவரைத் தெரியவந்ததே அதனால்தான். படம் வரைந்தவள், வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான பல்லக்கா. அதைத் தலைவர் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். தன் கல்யாண போட்டோவைவிட அந்தப் படத்தைத்தான் அவள் அதிகம் பார்த்திருப்பாள்.

தலைவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். வாழ்நாள் உழைப்பையெல்லாம் திரட்டி ஒரு புத்தகம் எழுதியிருந்தார், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பழைய படம் மஞ்சளாகிவிட்டதால் புதிதாக வரையச் சொன்னார். அவளும் ஆசையாக அந்தப் பெண் பிராணி இருந்த ஜாடியைத் திறந்தாள்.

புதிதாக வாங்கிய விளக்கு பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தது. நுண்ணோக்கியில், நடுப்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மினுங்கியது. தூரிகையால் துடைத்தாள். போகவில்லை. ஊசி முனையால் தொட்டாள். கெட்டியான ஒரு மொட்டை மேடு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதே மேட்டை முதல் படம் வரைந்த அன்றைக்கே பார்த்திருந்தாள். மண் ஒட்டியிருக்கிறது, படம் சுத்தமாக இருக்கட்டுமே என்று வரையாமல் விட்டுவிட்டாள்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். சாப்பிட உட்கார்ந்ததும் அவரிடம் கேட்டாள்.

"தேஞ்சதா, ஒடஞ்சதான்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

"ஒடஞ்சா ஓரம் கூரா இருக்கும். தேஞ்சா வழவழன்னு மினுங்கும். ஏன், உன் பல்லா, பூச்சிப் பல்லா?"

"பூச்சிப் பல்லுதான்."

"அப்ப கெழட்டுப் பூச்சி. விடு, சாப்பிடு."

"எப்படி விடறது? நான் வாயைத் திறந்தா சார் பேர் வச்ச குடும்பமே இல்லாம போயிடும். நான் வரைஞ்சது பொய்னு ஆயிடும். திறக்கலைன்னா யாருக்கும் தெரியாது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஜாடிக்குள்ள இருக்கிற அந்தக் கிழவிக்குத் தெரியுமே" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

மறுநாள் காலை தலைவர் பையை வைப்பதற்குள் சொல்லிவிட்டாள். "சார், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அவர் நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவேயில்லை. கடைசியாகத் தோல் உரித்த பிறகு அந்தப் பிராணிக்குப் பல் புதிதாக வராது, மண்ணைத் தோண்டித் தோண்டித் தேய்வதுதான் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் புடவை முனையை முறுக்கியபடி நின்றாள்.

"பல்லு இருந்திருக்கு" என்றார் கடைசியில். "உன் தப்பு பாதிதாம்மா. அன்னிக்கு எனக்குக் கண்ணு சரியில்ல. நான் இதைப் பார்க்கவே இல்ல, உன் படத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். அவ்வளவு அழகா இருந்துச்சு."

எழுந்துபோய்ச் சிவப்புக் குண்டூசியைப் பிடுங்கினார். அதே துளையில் நீலத்தைக் குத்தினார். இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"இது மலை ஏறாது, குளிர்ல செத்துடும். பறக்கவும் தெரியாது" என்று முணுமுணுத்தார். "அப்புறம் எப்படி ரெண்டு பக்கமும் ஒரே குடும்பம்?"

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "மலை வர்றதுக்கு முன்னாடியே இருந்திருக்கு சார்."

"ஆமா. ஒண்ணாத்தான் இருந்திருக்கு. மலைதான் நடுவுல எழுந்திருக்கு."

இத்தனை வருடம் அசைக்க முடியாதது என்று அவள் நினைத்திருந்த மலை, நேற்றுக் குடிவந்த வாடகைக்காரன் போலத் தெரிந்தது. அந்த மொட்டைப் பல்லுக்குப் பின்னால் எத்தனை எத்தனை கிழவிகள் மண்ணைத் தோண்டியிருப்பார்கள்!

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"முடிச்சிடறேன் சார்."

"இருக்கிறதை வரை. மண்ணு ஒட்டியிருந்தா மண்ணையும் வரை."

அவள் பென்சிலைச் சீவி, முதலில் அந்த மேட்டைத்தான் வரைந்தாள். வியாழக்கிழமை படம் முடிந்தபோது, அடியில் குடும்பத்தின் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். அதைத் தலைவரே எழுதினார். அவர் சூட்டிய பெயரை அல்ல, நீலக் குண்டூசிகளின் பெயரை.