‘ச’ எந்த விசையில்?

என் மனைவிக்குச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தலையில் முடி கறுகறுவென்று முளைக்கத் தொடங்கியிருந்தது, பசி திரும்பியிருந்தது. விரல் நுனிகள் மட்டும் திரும்பவில்லை. பத்தும் மரத்துக் கிடந்தன. மருந்தின் பக்கவிளைவு, சிலருக்குச் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு நாளாகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் புடவைக்கு ஊக்குக் குத்தும்போது கண்ணால் பார்த்துக்கொண்டே குத்தினாள். சட்டைப் பொத்தானைக் கண்ணாடி முன் நின்று போட்டாள். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி கண்டுபிடித்தவளுக்குச் செல்போன் மட்டும் பிடிபடவில்லை.

கண்ணாடித் திரையில் விரல் பட்டதா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. பட்டிருக்காது என்று மறுபடி அழுத்துவாள், அதே எழுத்து மூன்று முறை விழும். உரிந்து காய்ந்திருந்த விரலைச் சில சமயம் திரையே கண்டுகொள்ளாது. சைதாப்பேட்டை நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜாப் டைப்பிங் கடையில் பத்தொன்பது வருடம் தமிழ்த் தட்டச்சு செய்தவள் அவள். வக்கீல் வாயை மூடுவதற்குள் மனுவின் கடைசி வரியை அடித்து முடித்திருப்பாள் என்று கடையில் சொல்வார்கள். அவள் ‘நல்லா இருக்கேன்’ என்று எழுதக் கால் மணி நேரம் போராடுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

போனில் பேசிவிடலாமே என்று கேட்கலாம். அவள் எழுத நினைத்தது ஒரே ஒருவருக்குத்தான், அவருக்குக் காது கேட்காது. அடையாறு மருத்துவமனையில் மருந்து ஏற்றும் நாட்களில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அந்த அம்மா. நங்கநல்லூரில் பள்ளி வேன் ஓட்டுபவர். முதல் நாள் இருவரும் பேசத் தொடங்கியது வேனின் பிரேக்கைப் பற்றி. ஐந்தாவது தடவை போனபோது, அந்த அம்மா ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “சத்தமா சொல்லுங்க” என்றார். அவருக்கு ஏற்றிய மருந்து வேறு. அது காதைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு இருவரும் நாற்காலிக்கு நாற்காலி குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டார்கள். வீடு திரும்பிய பிறகும் அது நிற்கவில்லை, என் மனைவியின் விரல்கள் நின்றுபோகும் வரை.

குரலை எழுத்தாக மாற்றும் வசதியையும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் பயன்படுத்தினாள்.

“இது நான் சொல்றத எழுதுதா, அதுவா கத எழுதுதான்னே தெரியல. அதுவும் இல்லாம, இதெல்லாம் நீங்க பக்கத்துல உக்காந்துகிட்டிருக்கும்போது சத்தமா சொல்ற விஷயம் இல்ல” என்றாள்.

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை.

வழி தற்செயலாகத்தான் புலப்பட்டது. ஒருநாள் மின்கட்டணம் கட்ட வீட்டுக் கணினியைத் திறந்தவள், விசைப்பலகையில் கை வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் முழுக்கத் தட்டினாள். இரண்டே பிழை.

“நுனியில ஒண்ணும் தெரியல. ஆனா அழுத்தினா உள்ள போகுது பாருங்க, அது விரல் கணுவுல தெரியுது.”

கணினி முன் அரை மணிக்கு மேல் அவளால் உட்கார முடியாது. படுத்துக்கொண்டோ பேருந்திலோ எழுதும்படி கைக்குள் அடங்கும் ஒன்று வேண்டும், ஆனால் அதில் நிஜமான விசைகள் இருக்க வேண்டும். பழைய பொத்தான் போனை எடுத்துப் பார்த்தோம். ஒரு எழுத்துக்கு மூன்று நான்கு தடவை அழுத்துவதில் அவளுக்கு எண்ணிக்கை தவறியது. ஒரு எழுத்துக்கு ஒரு விசை உள்ள போன்கள் ஒரு காலத்தில் வந்தன என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

நான் கிண்டியில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். இரண்டு பொருள்களை ஒப்பிட்டு அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. தியாகராய நகரில் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் பழைய போன்களைப் பழுது பார்த்து விற்கும் பாய் ஒருவரை அலுவலக நண்பர் சொல்லிப் பிடித்தேன். விசைப்பலகை உள்ளதாக இரண்டு போன்கள் இருக்கின்றன என்று அவற்றின் மாடல் எண்களை அனுப்பினார். அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிட்டேன். ஒன்று, திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து விசைப்பலகை வெளியே வருவது. மற்றது, சின்னத் திரைக்குக் கீழேயே விசைகள் பதிந்திருப்பது. திரை அளவு, நினைவகம், மின்கலம், எடை, தடிமன், கேமரா, விசைகளின் வரிசை என்று பதினான்கு வரிகள் போட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தேன். தள்ளு போனுக்குத் திரை பெரிது, நினைவகம் அதிகம், விசைகள் ஐந்து வரிசை. மற்றதற்கு விசைகள் மூன்றே வரிசை, எடை மட்டும் குறைவு. கடைசி வரி மென்பொருள் பதிப்பு. தள்ளு போனுக்கு 2.3, மற்றதற்கு 4.0. இரண்டும் பழசுதானே என்று வித்தியாசத்துக்கு ஒரே ஒரு மதிப்பெண் போட்டேன். தள்ளு போன் எளிதாக வென்றது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு மாதமாக மருத்துவமனை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தவன் நான். என்னால் செய்யக்கூடியதாக அங்கே எதுவுமே இருந்ததில்லை. இப்போது கட்டங்களும் எண்களுமாக ஒரு வேலை வந்ததும், தேவைக்கு மேலேயே அதில் மூழ்கினேன். விசைகளின் அகலத்தை எந்த விவரப் பக்கமும் சொல்லவில்லை. அதை நானே அளந்துவிடுவது என்று அலுவலகத்திலிருந்து வெர்னியர் அளவுகோலைக் கேட்டு வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை காலை இருவரும் கடைக்குப் போனோம். பாய்க்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பூதக்கண்ணாடியை நெற்றிமேல் தூக்கி விட்டுக்கொண்டு என் கையைப் பார்த்தார்.

“இன்னா சார், வெர்னியர்லாம் எடுத்துக்கினு வந்துகீறீங்க? போனுக்குப் பேரம் பேசறவங்கள பாத்துகீறேன், அளக்கறவர இப்பதான் பாக்கறேன்.”

அளந்தேன். தள்ளு போனின் விசை எட்டு மில்லிமீட்டர், மற்றது ஐந்தரை. அட்டவணையில் எழுதிக்கொண்டேன். பாயும் ஆர்வமாகி, “அழுத்தினா எவ்ளோ உள்ள போவுதுன்னு பாருங்க” என்று விளக்கைக் கிட்டே இழுத்தார். அது வெர்னியருக்குச் சரியாகச் சிக்கவில்லை. நாங்கள் இருவரும் குனிந்து வாதாடிக்கொண்டிருந்தபோது என் மனைவி இரண்டு போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

“பெருசு தட்டையா இருக்கு, எங்க ஒண்ணு முடியுது, எங்க இன்னொண்ணு ஆரம்பிக்குதுன்னு தெரியல. சின்னதுல ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு மேடு இருக்கு” என்றாள்.

“பெருசுல அஞ்சு வரிச இருக்கும்மா” என்றேன்.

“இருக்கட்டும். ரெண்டுலயும் ‘ச’ எங்க இருக்கு?”

நானும் பாயும் ஆளுக்கொரு போனாக வாங்கிப் பார்த்தோம்; விசைகளில் ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன.

கணினியில் தமிழ் அடிக்க அவள் விரல்கள் பழகியிருந்தது தமிழ்99 என்ற விசை முறை. இடப்பக்கம் உயிரெழுத்துகள், வலப்பக்கம் மெய்கள். இருபத்தாறு ஆங்கில விசைகள் போதாமல் அதில் ஐந்து எழுத்துகள் வலக்கோடியில் உள்ள நிறுத்தக்குறி விசைகளில் உட்கார்ந்திருக்கும்: ச, ஞ, ந, ய, ழ. தள்ளு போனில் அந்த விசைகள் எல்லாமே இருந்தன. எனக்குள் ஒரு சின்ன வெற்றி. பாய் தன் கணினியிலிருந்து பழைய தமிழ் எழுத்துச் செயலி ஒன்றைத் தேடி ஏற்றினார். அவள் ‘வணக்கம்’ என்று அடித்தாள். திரையில் வெறும் கட்டங்கள் வரிசையாக நின்றன.

“செயலி தப்பா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். இந்த வெர்ஷனுக்குத் தமிழே தெரியாது. எழுத்து உள்ள போவுது, காட்டத்தான் தெரில. அந்தச் சின்னது 4.0, அது காட்டும்.”

நான் ஒரே ஒரு மதிப்பெண் போட்ட வரி அதுதான்.

சின்ன போனில் ஏற்றிப் பார்த்தார். ‘வணக்கம்’ புள்ளியோடு அழகாக வந்தது. அடுத்து ‘நல்லா’ அடிக்கப் போய் அவள் விரல் காற்றில் நின்றது. ‘ந’வுக்கு விசை இல்லை. திரும்பத் திரும்பப் போனை உருட்டிப் பார்த்தவள், ஒரு விசையின் ஓரத்தில் பொடியாக அச்சிட்டிருந்த அரைப்புள்ளியைக் கண்டாள். கணினியில் ‘ந’ இருப்பது அந்த அரைப்புள்ளி விசையில்தான். கீழே ஓரத்திலிருந்த, இப்படிப்பட்ட பொடிக் குறிகளை வரவழைக்கும் துணை விசையோடு சேர்த்து அதை அழுத்தினாள். ‘ந’ வந்தது.

“வந்துச்சு பாருங்க” என்றாள். அதே வழியில் ‘ய’வும் ‘ழ’வும் வந்தன. மூவரும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்று, யாரும் நிமிராததைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

மிச்சம் இருந்தவை ‘ச’வும் ‘ஞ’வும். கணினியில் அவை இருப்பது சதுர அடைப்புக்குறிகளில். இந்தப் போனில் அந்தக் குறிகள் எந்த விசையிலும் இல்லை.

“‘ஞ’ இல்லாம சமாளிச்சுக்கலாம், ‘ச’ இல்லாம எப்படி? சாப்பிட்டேன்னுகூட எழுத முடியாது. எங்க ஊர் பேரே எழுத முடியாது” என்றாள்.

பாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “யாருக்குக்கா எழுதணும்? அவங்களுக்கு இங்கிலீஷ்லயே தமிழ அடிச்சா ஆவாதா?”

அவள் சொன்னாள். காதைப் பற்றியும் விரலைப் பற்றியும், மருந்து ஏற்றும் அறையில் நாற்காலிக்கு நாற்காலி செய்தி போனதையும் சொன்னாள். “பத்தொம்பது வருஷம் தமிழ்ல அடிச்சவ பாய். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு.”

பாய் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இந்த டாலர் பட்டன் சும்மாத்தான கீது. நம்மளுக்கு இன்னாத்துக்கு டாலர்? செயலிக்குள்ள எந்த பட்டன்ல எந்த எழுத்துன்னு ஒரு லிஸ்ட் இருக்கும். அத தொறக்க முடிஞ்சா ‘ச’வ அங்க குந்த வெச்சிரலாம். ரெண்டு நாள் குடுங்கக்கா.”

திங்கட்கிழமை மாலை அவரே அழைத்தார். போனோம். டாலர் விசையின் மேல் வெள்ளை மையில் பொடியாக ‘ச’ என்று எழுதி வைத்திருந்தார். துணை விசையோடு அழுத்தினால் ‘ஞ’. பழைய மின்கலம் உப்பியிருந்தது என்று புதிதாக ஒன்று போட்டிருந்தார். இன்றைய அரட்டைச் செயலிகள் எதுவும் அந்தப் போனில் ஓடாது, வெறும் குறுஞ்செய்திதான் போகும் என்று எச்சரித்தார். அது போதும் என்றாள்.

வீடு திரும்பும் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, எழுத்துக்கு எழுத்து பார்த்து. நந்தனம் தாண்டும்போது திரையைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு எழுதினாள். அவள் கட்டை விரல்கள் அப்படி ஓடுவதைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. சைதாப்பேட்டையில் இறங்குவதற்குள் நங்கநல்லூரிலிருந்து பதில் வந்துவிட்டது. படித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து இருவருக்கும் ஒரே நாளில் பரிசோதனை வந்தது. அடையாற்றில் மருத்துவமனை வளாகத்து மரத்தடி பெஞ்சில் அந்த அம்மா எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். காதில் புதிதாகக் கருவி மாட்டியிருந்தார். அதில் எல்லாச் சத்தமும் ஒன்றாக இரைகிறது, பேச்சு மட்டும் பிரிந்து வரவில்லை என்றார். என் மனைவி போனை எடுத்து ஏதோ எழுதி நீட்டினாள். அவர் படித்துவிட்டு, போனை வாங்கிப் புரட்டிப் பார்த்தார், எந்த விசையில் எந்த எழுத்து வருகிறது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் மெல்லத் தேடித் தேடிப் பதில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அப்படியே ஒரு மணி நேரம் அந்தப் போன் இருவர் கையிலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை இருவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். என்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே வரிசை எண் கூப்பிட்டார்கள். அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. என் மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள், இருவரும் எழுந்து போனார்கள்.