பெண்கள் பக்கத்துத் தரை

கரங்பண்டெங் ஊரில் புகை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம்தான் ஜுவாரியாவின் வீடு. தேங்காய்ச் சிரட்டைக் கங்கில் திருக்கையும் கெளுத்தியும் வாட்டி விற்கிறவள். கல்யாணமாகி வந்த மறுவாரமே மாமியார் கையில் விசிறியைக் கொடுத்து அடுப்பு முன்னால் குந்தவைத்தாள். ஐம்பது வயது தாண்டியும் எழுந்தபாடில்லை. புகையில் கண் எப்போதும் சிவந்தே கிடக்கும். சண்டைக்கு வருகிறாளோ என்று புதிதாக மீன் வாங்க வருகிறவர்கள் ஒதுங்குவார்கள். ஒதுங்குவதும் நல்லதுதான், பாதி நாள் அவள் சண்டைக்குத்தான் வருவாள்.

அவள் புருஷன் சர்பானிக்கு ஒருகாலத்தில் நெல் வயல் இருந்தது. கடல் உள்ளே வந்து வயல் இறால் குட்டையாயிற்று. இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து குட்டையும் கடலாயிற்று. இப்போது யார் வீட்டுத் தரையை உயர்த்தினாலும் அவர்தான் மண் சுமக்கிறார். வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஜாவாவின் இந்த வடகரையில் நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது, தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் செமாராங் பட்டணத்தில் பிழைக்கப் போய்விட்டார்கள். பெருநாளுக்கு வருவார்கள், "இன்னும் எதுக்கும்மா இங்க கிடக்கறீங்க?" என்று கேட்பார்கள், போய்விடுவார்கள்.

எதுக்கு என்று அவள் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். நோன்பு மாதத்து இரவுத் தொழுகைக்காகத்தான். வருஷம் முழுக்கக் குந்தியே கிடக்கிற உடம்புக்கு நிமிர்ந்து நிற்பது எவ்வளவு பெரிய சுகம் என்று குந்தாதவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு மாதம் மாலையில் புகை வாடை போகத் தேய்த்துக் குளித்து, வெள்ளைத் தொழுகை அங்கியைப் போட்டுக்கொண்டு, பள்ளிவாசலின் பெண்கள் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்பாள். இமாம் நீளமாக ஓதினால் மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இவளோ இன்னும் கொஞ்சம் ஓதட்டுமே என்று நிற்பாள்.

அந்தப் பள்ளிவாசல் எந்தக் காலத்தது என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். நடுவில் நான்கு தேக்குத் தூண்கள், அவற்றின் மேல் மூன்று அடுக்குக் கூரை, எங்கேயும் ஓர் ஆணி கிடையாது. மரங்கள் யாரும் வெட்டாமல் தாமாகவே ஆற்றில் மிதந்து வந்தன என்பது கதை. அதை நம்பாதவனும் தூணைத் தொடும்போது வாயை மூடிக்கொள்வான். நடுக் கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம். அது ஆண்களுக்கு. பெண்களுக்கு, தெற்குச் சுவரை ஒட்டிப் பிற்பாடு யாரோ இறக்கிய தாழ்வாரம். சுவரிலிருந்து வெளியே போகப் போகக் கூரை சரிந்து இறங்கும்.

தண்ணீர் ஏறும்போதெல்லாம் மண் கொட்டித் தரையை உயர்த்தினார்கள். கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனையே நுழையலாம் என்று பேர்பெற்ற தலைவாசலில் இப்போது ஆள் குனிந்துதான் போக வேண்டும். போன வருஷம் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் வந்தார். "இறைவன் முன்னால் பணிந்து வரவேண்டும் என்றுதான் நம் முன்னோர்கள் வாசலை இவ்வளவு தாழ்வாக வைத்தார்கள்" என்று சொல்லிக் கண்கலங்கினார்.

"முன்னோராம்," என்று ஜுவாரியா பக்கத்திலிருந்த ருகானாவின் காதைக் கடித்தாள். "என் வீட்டுக்காரர் கொட்டின மண்ணுடி அது."

ருகானா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி, வலை முடைகிறவள், ஊரிலேயே நெட்டை. பெண்கள் பக்கத்தில் முதலில் வந்தவள் முதலில் என்பதெல்லாம் போய் வெகுநாளாயிற்று. சுவரோரம் நெட்டைகள், சரிவில் குட்டைகள் என்று பள்ளிக்கூடத்துப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். அப்படியும் ருகானாவின் உச்சந்தலை உத்தரத்தில் உரசும்.

இந்த வருஷம் ஒவ்வொரு கடல் பெருக்குக்கும் தண்ணீர் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஒருநாள் சர்பானி அடுப்படிக்கு வந்து நின்றார்.

"நோன்புக்கு முன்னாடி பள்ளிவாசல் தரையை ஏத்தறோம். முழங்கால் உயரம். கமிட்டில முடிவாயிருச்சு."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்தான்."

ஜுவாரியா விசிறியைக் கீழே வைத்தாள். "அப்புறம் நாங்க எப்படி நிக்கிறது? தலையைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு வரணுமா?"

"தண்ணி வருதே, நான் என்ன பண்ணட்டும்?"

"மண்ணு சுமக்கிறது நீங்கதானே. சுமக்கமாட்டேன்னு சொல்லுங்க."

"நான் சுமக்கலைன்னா இன்னொருத்தன் சுமப்பான், ஜூ. தண்ணி மட்டும் நிக்காது." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் ருகானாவை இழுத்துக்கொண்டு இமாம் மஸ்ருகானிடம் போனாள். ஊரார் அவரைக் கியாய் என்பார்கள். நல்ல மனுஷன், வந்தவர்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுக்காமல் பேசமாட்டார். கெட்டவராக இருந்திருந்தால் ஜுவாரியா ஒரு கை பார்த்திருப்பாள்.

"எங்க பக்கத்துக் கூரையைத் தூக்குங்க, கியாய்."

"கேக்காம இருப்பேனாம்மா? பழங்காலக் கட்டடம் பாக்குற ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு. உங்க கூரை பெரிய கூரைக்கு அடியில சொருகியிருக்காம். மூட்டெல்லாம் உளுத்துப் போச்சு, ஒண்ணை அசைச்சா மொத்தமும் உக்காந்துரும்னு சொல்லிட்டு, அதுவே கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போச்சு."

"நடுக் கூடத்துல பின்னாடி ஒரு திரை போட்டு விடுங்களேன்."

"முன் தாழ்வாரம் முங்கினதுலேர்ந்து அங்க நின்ன ஆம்பளைங்களும் உள்ளதான் நிக்கிறாங்க. அடுத்தவன் முதுகுல நெத்தியை வெக்காத குறை."

"நெடுஞ்சாலைல புதுப் பள்ளிவாசல் இருக்கே," என்றாள் ருகானா. சொல்லிவிட்டு அவளே, "இருட்டுல யாரு படகு தள்ளுறது," என்று அதைக் கைவிட்டாள்.

ஜுவாரியா தேநீரைத் தொடவில்லை. "அப்ப எங்க தரையை மட்டும் விட்டுருங்க. கால் நனைஞ்சா நனையட்டும். நாங்க பழகிக்கறோம்."

கியாய் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு சரி என்றார். அன்றைக்கு ஜுவாரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ருகானாவுக்கு ஒரு முழுத் திருக்கையைச் சும்மா கொடுத்தாள். வாங்கிக்கொண்ட ருகானா, "உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆண்கள் பக்கம் தரை உயர்ந்தது. ஓடு பதித்து, விரிப்பும் போட்டாயிற்று. அடுத்த பெருக்கு வந்தது. இதுவரை பள்ளிவாசல் முழுக்கப் பரவிக் கிடந்த தண்ணீர் எல்லாம் தாழ்ந்த இடத்தைத் தேடிப் பெண்கள் பக்கத்தில் வந்து தேங்கியது. வந்ததற்குப் போக வழி தெரியவில்லை. பெருக்கு வடிந்த பிறகும் கணுக்காலுக்கு மேல் நின்றது.

அந்தி நேரத் தொழுகைக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நிமிர்ந்து நின்றார்கள், குறையில்லை. குனிந்தார்கள், அதுவும் ஆயிற்று. நெற்றியைத் தரையில் வைக்க வேண்டிய நேரம் வந்தது. ருகானா மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள், புரை ஏறி எழுந்தாள். மூக்கு நுனியில் பாசி தொங்கியது. முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், தொழுகை கலைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கியாய் ஓதிக்கொண்டிருந்தார். அது காதில் விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் அங்கியைப் பிழிந்தார்கள்.

தரையை விட்டால் நிற்கலாம், நெற்றி வைக்க இடமில்லை. தரையை ஏற்றினால் நெற்றி வைக்கலாம், நிற்க இடமில்லை. ஜுவாரியா வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒன்றுதான். சண்டை போட ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லையே என்று இருந்தது. நெற்றி வைக்காமல் ஒரு தொழுகை உண்டா?

சர்பானி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளே வாய்விட்டுச் சொன்னாள். "எங்க பக்கமும் மண்ணைக் கொட்டிருங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. மறுநாள் அவர் படகில் மண் கொண்டு வந்து இறக்கினார். அவள் அடுப்பு மூட்டாமல் வந்து கூடை கூடையாக அள்ளிக் கொட்டினாள். ஒவ்வொரு கூடைக்கும் கூரை ஒரு பிடி இறங்கியது.

கியாய் எட்டிப் பார்த்தார். "நிக்க முடியாதவங்க உக்காந்து தொழலாம்மா. நன்மை கொஞ்சமும் குறையாது."

"எனக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு, கியாய்."



நோன்பின் முதல் இரவு வந்தது. பெண்கள் முட்டிபோட்டு நகர்ந்து உள்ளே வந்தார்கள். நெட்டை ஓரிடம், குட்டை ஓரிடம் என்ற பேச்சே இப்போது இல்லை, வந்தவள் வந்த இடத்தில் உட்கார்ந்தாள். ருகானா தன் பேத்தி அலீகாவை முதல் முதலாகக் கூட்டி வந்திருந்தாள். ஐந்து வயசு. புது அங்கி, ஓரத்தில் பூ வேலை. வீட்டில் ஒரு வாரமாக நிற்கவும் குனியவும் நெற்றி வைக்கவும் பழகிக்கொண்டிருந்ததாம்.

"இனிமே நீயும் நானும் ஒரே உசரம்," என்றாள் ருகானா, ஜுவாரியாவைப் பார்த்து. அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

கியாய் தொழுகையைத் தொடங்கும் தக்பீர் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை ஆண்களும் கையை உயர்த்திக் கட்டி நிமிர்ந்து நின்றார்கள். இந்தப் பக்கம் பெண்கள் உட்கார்ந்தபடியே கை உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். ஜுவாரியாவின் தொடை தானாக எழப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

அலீகா மட்டும் நின்றிருந்தது. அதன் தலைக்கு மேல் இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது. வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சில் கை கட்டி, முதுகை நேராக வைத்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. வரிசை முழுக்க எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

நில்லுடி, கண்ணு, நில்லு என்று ஜுவாரியாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தக்பீர் கட்டியாயிற்று. இனி ஒரு வார்த்தை வாயில் வரக்கூடாது, தலையைத் திருப்பக்கூடாது. கட்டிய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்கண்ணால் பார்த்தபடி இருந்தாள்.

குழந்தை தான்தான் தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்து, அங்கியை ஒதுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்தது.