தலைகீழாக மாட்டிய சாமுண்டி மலை

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு படம் ஏறக்குறைய ஒரு வருஷம் தலைகீழாகத் தொங்கியது. அது தலைகீழ் என்பது அதை வரைந்தவருக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பேச்சு வராது. பேச்சு வருகிற நாங்கள் அத்தனை பேரும் தினம் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம், டிவி பார்த்தோம், வந்தவர் போனவரிடமெல்லாம் அதைக் காட்டிப் பீற்றிக்கொண்டோம். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயசு இருக்கும்.

வரைந்தவர் என் சித்தப்பா, அப்பாவுக்கு நேர் இளையவர். பிறக்கும்போதே மூச்சுத் திணறியதில் அவருக்குக் கை, கழுத்து, நாக்கு எதுவும் சொன்னபடி கேட்காது. வலது கால் மட்டும் கேட்கும், அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால். நாம் ஏதாவது கேட்டால், ஆமாம் என்பதற்குக் கால் கட்டைவிரலைத் தூக்குவார், இல்லை என்பதற்குப் பாதத்தைத் தேய்ப்பார். காபி வேண்டுமா, ஃபேன் போடவா, டிவியை அணைக்கவா என்று எங்கள் குடும்பம் இதை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கேட்டால்தானே பதில்? நாங்கள் கேட்காத ஒன்றை அவராகச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்கு இருந்தது ஒரே வழி. கால்விரல் இடுக்கில் பிரஷ்ஷைப் பிடித்து வரைய வேண்டும். அதையும் நாங்கள் புரிந்துகொள்ளாவிட்டால் தீர்ந்தது கதை.

வரையக் கற்றுக்கொடுத்தது மைசூர் விஜயநகரில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பகல் மையம். அங்கே ஓவியம் சொல்லிக்கொடுத்த மிஸ்ஸுக்கும் போலியோவில் கால் சூம்பியிருந்தது. இரும்புப் பட்டை போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடப்பார். சரியான கோபக்காரி. பார்க்க வந்தவர்கள் யாராவது அய்யோ பாவம் என்று ஆரம்பித்தால் போதும், பாவப்படுகிறதானால் வெளியே போய்ப் படுங்கள், இங்கே படத்தைப் பாருங்கள் என்று கன்னடத்தில் வெடுக்கென்று சொல்லிவிடுவார். அவரிடம் வரைகிற எல்லோரும் வரைந்து முடித்ததும் தங்கள் அடையாளத்தை வைத்தே ஆக வேண்டும். பேர் எழுத முடியாதவர்கள் எதையாவது வைக்கலாம், ஆனால் வைக்காமல் எழுந்திருக்கக் கூடாது. சித்தப்பா கட்டைவிரலைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து ஒரு மூலையில் அழுத்துவார்.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மா மண்டி மொஹல்லாவில் ஒரு துணிக்கடையில் இருந்தாள். காலையில் சித்தப்பாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, வீல்சேரில் உட்காரவைத்து மையத்துக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டும். வேலைக்கு வைத்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. கடைசியில் கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்திலிருந்து அம்மாவின் பெரியம்மா மகன் வந்து எங்களோடு தங்கினார். எனக்கு மாமா.

மாமா வந்ததும் வீட்டுக்கே கலகலப்பு வந்துவிட்டது. சாயங்காலமானால் எனக்குச் சுருமுரி, அதுதான் மசாலாப் பொரி, ஒரு பொட்டலம் நிச்சயம். யானை மாதிரி, போலீஸ்காரர் மாதிரி, எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி நடந்து காட்டுவார். வலது கையில் தடிமனான செம்புக் காப்பு ஒன்று போட்டிருப்பார், அதை எவர்சில்வர் டம்ளரில் தட்டித் தாளம் போடுவார். மையத்தில் சித்தப்பா வரைகிற நேரமெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சொந்தத்துக்கு இருக்கிற அக்கறை கூலிக்கு வருமா என்று அம்மா கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. உலகத்திலேயே உனக்குப் பிடித்தவர் யார் என்று அப்போது கேட்டிருந்தால் யோசிக்காமல் மாமா என்றிருப்பேன்.

அந்த வருஷம் தசரா விடுமுறையில் மையம் மூடியிருந்தது. காலையில் அம்மா சித்தப்பாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் ஒரு பெரிய அட்டையை ஒட்டி, சாயக் கிண்ணங்களை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் மாமா கடைக்குப் போனார், வழியில் விளையாடிக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துக்கொண்டு திரும்பினார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது படம் முடிந்திருந்தது. வாசல் சித்தப்பாவுக்கு எதிர்ப்பக்கம். மாமா எதிரே நின்றபடியே குனிந்து அட்டையைப் பிரித்து எடுத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "அடடே, சாமுண்டி மலை" என்றார்.

அவர் சொன்னதும் எனக்கும் மலை தெரிந்துவிட்டது. உச்சி குறுகி அடி அகன்ற பச்சை மலை. அடிவாரத்தில் கறுப்பாக, உருண்டையாக நந்தி. கீழேயிருந்து பழுப்பாக ஒரு பாதை வந்து நந்தியைச் சுற்றி ஐந்தாகப் பிரிகிறது. பாதைக்குக் குறுக்கே, தசராவுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு வளைவு. சுற்றிலும் சிதறியிருந்த நீலம் காரஞ்சி ஏரி. இடது பக்கம் மேலே சிவப்புச் சூரியன். நந்தி மலையில் பாதி உயரத்தில் அல்லவா இருக்கிறது என்று அன்று சாயங்காலம் நான் கேட்டதற்கு, ஓவியன் தனக்குப் பிடித்த இடத்தில் வைப்பான், உனக்கென்ன என்று அப்பா என் வாயை அடைத்துவிட்டார். மைசூர்க்காரனுக்கு எதைப் பார்த்தாலும் அந்த மலைதான். மாமாவே ஆணி அடித்து மாட்டினார்.

அன்றிலிருந்து அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பா கத்துவார். சாதாரணக் கத்தல் இல்லை. கழுத்து நரம்பு புடைக்கும், வீல்சேர் கிடுகிடுவென்று ஆடும். தன் படத்தை ஹாலில் மாட்டியதில் இவனுக்கு எவ்வளவு குஷி பார் என்று அப்பா பூரித்துப்போவார். வந்த விருந்தாளிகள் கைதட்டுவார்கள். கைதட்டினால் இன்னும் கத்துவார். இன்னும் தட்டுவார்கள். யாராவது ஒருத்தர், ஏன் கத்துகிறாய், இது மலைதானா என்று அவரைக் கேட்டிருக்கலாம். கட்டைவிரலாலேயே பதில் சொல்லியிருப்பார். சந்தேகம் வந்தால்தானே கேட்கத் தோன்றும்? எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்த வருஷம் மையத்தில் கண்காட்சி வைத்தார்கள். வெளியிலிருந்தும் ஓவியர்களை அழைத்திருந்தார்கள். வீட்டில் வரைந்த படம் இருந்தால் ஒன்று கொடுங்கள் என்று மிஸ் கேட்டனுப்ப, அப்பா எங்கள் மலையைப் போர்வையில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா கடையிலிருந்தவர்களை எல்லாம் வரச்சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிளம்பிப் போனோம். அம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தாள். மாமா வழக்கம்போல வீல்சேரைத் தள்ளினார். முதல் அறையில், கண் தெரியாத ஓர் அக்கா களிமண்ணில் தன் அம்மாவின் முகத்தைச் செய்து வைத்திருந்தாள். தொட்டுப் பார்க்கலாம் என்றார்கள், நான் மூக்கைத் தொட்டேன். பக்கத்துச் சுவரில், தெரு கூட்டுகிற பெண்கள் தங்கள் பழைய சீருடைத் துணிகளைக் கத்தரித்துத் தைத்த ஒரு பெரிய படம். விடியற்காலைத் தெரு, அதில் அவர்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. அம்மா அதன் முன்னால் கொஞ்சம் நின்றாள். எனக்கு எங்கள் மலையைப் பார்க்கும் அவசரம். அவளை இழுத்துக்கொண்டு உள் அறைக்கு ஓடினேன்.

அங்கே படத்துக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. படத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். மலை உச்சி தரையைப் பார்க்க, சூரியன் கீழே வலது மூலைக்கு வந்திருந்தது. அம்மாவும் சிரித்துக்கொண்டே மிஸ்ஸைக் கூப்பிட்டு, இப்படி மாட்டிவிட்டீர்களே என்றாள். மிஸ் சிரிக்கவில்லை. சித்தப்பாவுடைய கட்டைவிரல் அடையாளம் எப்போதும் கீழே வலது மூலையில்தான் இருக்கும், இத்தனை வருஷத்தில் ஒரு படத்தில்கூட மாறியதில்லை, சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, உங்களிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் காத்திருந்தேன், வீட்டில் இதை எப்படி மாட்டியிருந்தீர்கள் என்று கேட்டார்.

அம்மா மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அப்பா பார்த்தார். நானும் பார்த்தேன்.

மலையே இல்லை அது. எங்கள் குளியலறையில் இருக்கிற பச்சை பிளாஸ்டிக் பக்கெட். அடி குறுகி, வாய் அகன்று, தரையில் நின்றது. நந்தி என்று நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டது ஒரு தலை. தலைமுடி கறுப்பு. அது பக்கெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஏரி இல்லை, தளும்பித் தெறிக்கிற தண்ணீர். மேலேயிருந்து ஒரு பழுப்புக் கை இறங்கி ஐந்து விரலாலும் அந்தத் தலையை உள்ளே அழுத்திக்கொண்டிருந்தது. அதன் மணிக்கட்டில் செம்பு நிறத்தில் ஒரு காப்பு.

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கினாள். வலிக்குது என்றேன், அவளுக்குக் காது கேட்கவில்லை. அப்பா வீல்சேருக்கு முன்னால், அத்தனை பேர் காலடியில், வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாவின் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, இது மலையா?"

பாதம் அப்பாவின் தொடையில் தேய்த்தது.

"நம்ம பக்கெட்டா?"

கட்டைவிரல் தூக்கியது.

"உள்ள இருக்கறது உன் தலையா?"

கட்டைவிரல் தூக்கியது. தூக்கியபடியே நின்றது, இறங்கவில்லை. அப்பா அந்தக் காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். சித்தப்பா அன்றைக்குக் கத்தவே இல்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது.

மாமாதான் முதலில் பேசினார். சிரித்துக்கொண்டேதான் பேசினார். தலைக்கு ஊற்றும்போது இவன் அடம்பிடிப்பான், மாப்பிள்ளை, கொஞ்சம் பிடித்து அழுத்தாமல் முடியுமா, அதைப் போய் வரைந்து வைத்திருக்கிறான், இவனுக்கு என்ன தெரியும் என்றார். சொல்லிவிட்டு எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீல்சேரின் கைப்பிடியில் அவர் கை இருந்தது, கையில் அந்தக் காப்பும்.

அம்மா ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, வண்டியிலிருந்து கையை எடுங்க."

எத்தனையோ வருஷம் கழித்து ஒருநாள் திடீரென்று எனக்கு உறைத்தது. அதை மலை என்று முதலில் சொன்னவரே அவர்தான். ஆணி அடித்தவரும் அவர்தான். அட்டையை எடுத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாரே, அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்தது? நிஜமாகவே மலைதான் தெரிந்ததா, இல்லை எல்லாம் தெரிந்துதான் எங்களுக்கு மலையைக் காட்டினாரா? நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க அவரும் கண்ணில் படவில்லை.

அன்று சாயங்காலமே மாமா பையைத் தூக்கிக்கொண்டு கொள்ளேகால் பஸ் ஏறிவிட்டார். மிஸ் விடாப்பிடியாக நின்றதில் அப்பா போலீஸில் எழுதிக் கொடுத்தார். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் படையெடுத்து வந்து அம்மாவைத் திட்டிவிட்டுப் போனார்கள், ஒரு கிறுக்கலுக்காகக் குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்று. அம்மாவுக்குப் பிறந்த ஊரே இல்லாமல் போயிற்று. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார் என்பதுதான். ஒரு படத்துக்காக ஒருத்தரை வீட்டை விட்டு அனுப்புவார்களா என்று அழுது அழுது தூங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் அப்பா வேலைக்குப் போகவில்லை. சித்தப்பாவைத் தானே குளிப்பாட்டப் போனார். பச்சை பக்கெட்டைத் தொடாமல் சமையலறையிலிருந்து அலுமினியக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போனார். முதல் செம்புத் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், சித்தப்பா அலற ஆரம்பித்தார். அப்படி ஓர் அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒண்ணுமில்லைடா, நான்தான், ஒண்ணுமில்லைடா என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்வது கதவுக்கு வெளியே கேட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். எனக்கு ஒரே அவமானமாக இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது. நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"அப்பாவுக்குக் குளிப்பாட்டவே தெரியலம்மா," என்றேன். "மாமா குளிப்பாட்டுனா சித்தப்பாகிட்ட இருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வராது."

அம்மா தோசையைத் திருப்பப் போனவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. நான் மாமாவைப் பற்றி நல்லதாகத்தானே சொன்னேன், இதற்குப் போய் இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.