கீழே இருந்த நான்கு வரிகள்

நான் ஒரு தாய்க்குப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டே அவள் செத்துப்போனாள். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்... காலையில் பள்ளிக்கூடம் போகிறேன். பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆம், வாசிப்பு! சிரிக்காதீர்கள்.

என் குற்றங்கள் இரண்டு. முதலாவதைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது மிகச் சிறியது, ஒரு சொல்லில் தொடங்குவது. அதைச் சொல்ல அவரிடம் எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் மட்டும் எப்படி வருகிறது? உங்கள் முகத்தை நான் பார்க்கவேண்டியதில்லை, அதனால் இருக்கலாம். கோழைக்கு அது பெரிய வசதி.

நான் நெடுந்தீவில் உதவி ஆசிரியன். உலகச் சண்டை நடந்த காலத்தில் எனக்கு இன்னோர் உத்தியோகமும் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது, ஆனால் தலைக்கனம் எனக்கு அதில்தான் ஏறியது. கிழமையில் இரண்டு நாள் யாழ்ப்பாணத்திலிருந்து வள்ளம் வரும். கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் பங்கீட்டுக் கூப்பன் அரிசியும் அதில்தான் வரும், பேப்பரும் அதில்தான் வரும். அரிசி நிறுத்து முடியும்வரை சனம் கடை வாசலில் காத்துநிற்கும். அந்த நேரத்தில் நான் ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறிநின்று பேப்பர் வாசிப்பேன்.

எனக்கு நல்ல குரல். அது எனக்கே தெரியும், அதுதான் கேடு! எங்கே நிறுத்தவேண்டும், எங்கே உரக்கச் சொல்லவேண்டும் என்பதெல்லாம் எனக்குக் கைவந்திருந்தது. ரஷ்யாக்காரன் முன்னேறினான் என்று வாசித்தால் ஒரு பக்கம் ஆரவாரிக்கும், மறு பக்கம் முகத்தைச் சுளிக்கும். எவன் வெல்வான் என்று வாதாடி இரண்டு மச்சான்மார் ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள். ரஷ்யாவை அவர்கள் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தையே இரண்டு மூன்று முறைதான் கண்டிருப்பார்கள்.

ஆனால் இன்னொரு சண்டையும் நடந்துகொண்டிருந்தது. பர்மாவில்.

அந்தச் சண்டையில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இருந்தான். மதலேனக்காவின் ஒரே மகன், சவிரிமுத்து. தகப்பன் கடலில் போனபிறகு தாயும் மகனுமாகத்தான் அந்தக் குடும்பம். அவன் வள்ளம் ஓட்டினான், அவள் மீனைக் கீறிக் கருவாடு போட்டாள். வேலை தேடித் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போனவன், ஓடம் ஓட்டத் தெரிந்தவர்களைப் பட்டாளத்தில் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்துவிட்டான். பர்மாவில் பெரிய ஆறுகளாம். அக்கரைக்குப் பட்டாளத்தை ஏற்றி இறக்க ஆள் வேண்டுமாம். கடலில் பிறந்தவனுக்கு ஆறு என்ன பெரிதா என்று கடிதத்தில் எழுதியிருந்தான்.

அன்றைக்கு மதலேனக்கா அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். சண்டை முடியும்வரை மீன் தொட்டுத் தின்னமாட்டேன் என்று.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் தீவில் அப்போது அரிசியே அரிது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் கடலும்தான் எங்களைக் காப்பாற்றின. நாள் முழுக்க மீனோடு கிடப்பவள், கையிலும் சேலையிலும் மீன் மணக்கிறவள், மாலையில் முருங்கையிலையைப் போட்டுக் கூழ் காய்ச்சிக் குடித்தாள். மீன் இல்லாத ஒடியற் கூழ்! எங்கள் ஊரில் காய்ச்சல்காரன்கூட அதைக் குடிக்கமாட்டான். அவள் மூன்று வருடம் குடித்தாள்.

வள்ளம் வரும் நாளெல்லாம் அவள் சங்கக்கடைக்கு வருவாள். அரிசி வாங்கினபிறகும் போகாமல் ஓரமாக நிற்பாள். நான் பெட்டியிலிருந்து இறங்கியதும் கேட்பாள்.

"மாஸ்டர் தம்பி, சவிரியின்ரை சண்டை ஒண்டும் போடேல்லையோ?"

போட்டிருப்பார்கள். எங்கேயாவது நாலாம் பக்கத்தில், மருந்து விளம்பரத்துக்குப் பக்கத்தில், ஒரு சிறு துண்டாக. தொடக்கத்தில் அதையும் வாசித்தேன். வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள், மழை, சேறு, காய்ச்சல்... சனம் கலைய ஆரம்பிக்கும். திருகோணமலையில் குண்டு விழுந்த கிழமை மட்டும் எல்லோரும் யப்பானைப் பற்றிக் கேட்டார்கள். பயம் போனதும் யப்பானையும் மறந்துவிட்டார்கள். ஒருநாள் நான் பர்மாவைத் தொடங்கியதுமே கூட்டத்தில் ஒருவர் சத்தம் போட்டார்.

"உந்தக் காட்டுச் சண்டையை விடும் மாஸ்டர்! ஜெர்மன்காரன் என்ன செய்யிறான் எண்டு வாசியும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்தைப் புரட்டினேன். மதலேனக்கா அந்தச் சிரிப்புக்கு நடுவில் கூப்பன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன்பிறகு நான் பர்மாவை வாசிக்கவேயில்லை. அவள் கேட்டால், "இந்தமுறை ஒண்டுமில்லை அக்கா" என்று சொல்லிவிடுவேன். தனியாக அவளுக்கு மட்டும் வாசித்துக்காட்ட எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம்கூட இல்லை. அதைக்கூட நான் செய்யவில்லை...

சவிரியின் கடிதங்களையும் நான்தான் வாசித்துச் சொன்னேன், அவளுக்கு எழுத்துத் தெரியாது. பாதி வரிகளைப் பட்டாளத்திலேயே மையால் மறைத்திருப்பார்கள். ஒரு கடிதத்தில் மறைக்காமல் விட்ட ஓர் இடம் இப்படி இருந்தது: "அம்மா, இஞ்சை எங்களுக்கு வாற பேப்பரிலை எங்கடை கதையே இல்லை. இப்பிடி ஒரு சண்டை நடக்குதெண்டு உலகத்துக்குத் தெரியாது போல கிடக்கு. எங்கடை சங்கக்கடையிலையாவது எங்களைப் பற்றி வாசிக்கினமோ? மாஸ்டரைக் கேட்டு எழுதுங்கோ."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"வாசிக்கிறம் எண்டு எழுதும் தம்பி. பிள்ளை மனம் தேறட்டும்."

எழுதினேன். "ஊர் முழுக்க உன்னைப் பற்றித்தான் பேச்சு" என்று என் சொந்தக் கையால் எழுதினேன். பாருங்கள், எனக்குப் பொய் அன்றைக்கே பழகிவிட்டது.

பிறகு அந்த வைகாசி வந்தது. மாதாவின் வணக்கமாதம். வள்ளம் இறங்குதுறையை அண்டும் முன்பே வள்ளக்காரர் கையைத் தூக்கிக் கத்தத் தொடங்கிவிட்டார். பேப்பரை விரித்தேன். முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் எழுத்துக்கள்! ஜெர்மனி சரணடைந்தது! நான் பெட்டியில் ஏறினேன். அன்றைக்கு வந்த சனம் போல ஒருநாளும் வந்ததில்லை. அடித் தொண்டையிலிருந்து சொன்னேன்:

"சண்டை முடிஞ்சுது!"

என்ன ஆரவாரம்! பேசாமல் இருந்த மச்சான்மார் கட்டிப்பிடித்தார்கள். யாரோ கோயில் மணியை அடிக்க ஓடினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் மதலேனக்கா கையிலிருந்த பையைக் கீழே விட்டுவிட்டுத் தலையில் முக்காட்டை இழுத்தாள். பிறகு அவளும் கோயிலை நோக்கி ஓடினாள். அந்த வயதில் அவள் ஓடி நான் கண்டதில்லை.

என் கண் அப்போதுதான் கீழே போனது. பெரிய எழுத்துக்களின் கீழே, நான்கு வரிகள். கிழக்கில் யப்பானோடு சண்டை தொடர்கிறது, பர்மாவில் இன்னும் கடும் மோதல்கள் நடக்கின்றன...

நான் வாசித்திருக்கலாம். "பொறுங்கோ!" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அவள் நின்றிருப்பாள். என் குரல்தான் நல்ல குரலாயிற்றே! ஆனால் சனம் என்னைப் பெட்டியோடு தூக்கியிருந்தது. அவர்களுடைய சந்தோஷம் முழுவதும் நான் கொடுத்தது போல இருந்தது. அந்த நான்கு வரிகளால் அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பின்னேரம் அவளிடம் தனியாகச் சொல்வோம் என்று பேப்பரை மடித்தேன். இதுதான் முதற் குற்றம்.

பின்னேரம் நான் போகவில்லை. மறுநாள் அவளே ஆள் அனுப்பினாள்.

அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்தில் பெரிய பானையில் கூழ் காய்ச்சியிருந்தாள். நண்டு, ஒட்டி மீன், பயற்றங்காய்... சேர்த்துவைத்திருந்த எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். ஊரே பனையோலைப் பிளாவோடு குந்தியிருந்தது. நேர்த்தி முடிக்கிறவள் முதலில் மீனைத் தொடவேண்டும், பிறகுதான் மற்றவர்களுக்கு. அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"நல்ல சேதி சொன்னனீர். உம்மடை கையாலை முதல் துண்டைத் தாரும் தம்பி. நான் எடுத்தால் அழுதுபோடுவன்."

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கொடுத்தேன். பானையிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து, முள்ளை நீக்கி, அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். எடுக்காமலே அழுதாள். நானும் ஒரு பிளா கூழ் குடித்தேன். ருசியாக இருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை.

அதன்பிறகு எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வெள்ளை அடித்தாள். மகனுக்கென்று ஒரு கதிரை வாங்கிப்போட்டாள். "எந்தக் கப்பலிலை வருவான் தம்பி?" என்று கேட்டாள். "கொஞ்ச நாள் எடுக்கும் அக்கா" என்றேன். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம்... இப்படியே ஆனி போய்விட்டது. பர்மாச் சண்டையும் எப்படியும் முடியத்தானே போகிறது, அவன் வந்து இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும், இவளுக்கு ஒன்றும் தெரியவே வேண்டாம் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன்.

ஆடியில் அரசாங்கக் கடிதம் வந்தது. இங்கிலிஷில். வாசிக்க என்னிடம்தான் கொண்டுவந்தாள். அந்தக் கதிரையில் என்னை இருத்திவிட்டு எதிரே நிலத்தில் இருந்தாள். நான் வாசித்து முடிக்கும் முன்பே என் முகத்தில் விளங்கிக்கொண்டாள். அலறவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"எப்ப?"

"ஆனி கடைசியிலை அக்கா. ஆற்றிலை... ஓடத்திலை வைச்சுச் சுட்டுப்போட்டாங்கள்."

அவள் நிலத்தில் விரலால் கோடு கீறிக் கிழமைகளை எண்ணினாள். ஒருதரம் எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினாள்.

"அப்ப நான் மீன் திண்டாப்பிறகு..." என்றாள். "சண்டை முடியேல்லையே தம்பி. முடிய முதல் நான் வாய்க்கு ருசி தேடிப்போட்டன். அந்தோனியார் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா..."

"பேப்பரிலை எல்லாம் சரியாய்ப் போட்டிருப்பாங்கள். நீரும் முழுக்க வாசிச்சிருப்பீர். நான்தான் முதல் சொல்லைக் கேட்டவுடனை ஓடிப்போனன். என்ன தம்பி? நான் போனாப்பிறகு வாசிச்சனீரோ?"

கேட்டீர்களா, என்ன கேட்டாள் என்று? எனக்குத் தப்பிப் போக அவளே கதவைத் திறந்துவிட்டாள். அவள் கண்ணில் என்மேல் சந்தேகம் ஒரு துளி இல்லை. 'இல்லை அக்கா, நான் வாசிக்கவில்லை, என்னில்தான் பிழை, உங்கள் மீனில் ஒரு பிழையும் இல்லை' என்று சொல்லியிருந்தால் அவள் என்னைத் திட்டியிருப்பாள், மண்ணள்ளித் தூற்றியிருப்பாள். பிள்ளையை நினைத்து மட்டும் அழுதிருப்பாள். தன்னைக் குற்றவாளியாக்கி அழுதிருக்கமாட்டாள்.

நான் சொன்னது இது.

"ஓம் அக்கா. கீழை இருந்தது. வாசிச்சனான். நீங்கள் அதுக்குள்ளை போயிட்டியள்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு குசினிக்குள் போய், எனக்குத் தேத்தண்ணீர் வைத்தாள். அந்த நேரத்திலும் எனக்குத் தேத்தண்ணீர்! குடித்துவிட்டு வந்தேன்.

ஆவணியில் யப்பானும் சரணடைந்தான். வாசித்தேன். மணி அடிக்க யாரும் ஓடவில்லை. "உது முந்தியே முடிஞ்சதெல்லே மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு ஒருவர் அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்களும் போனார்கள். மதலேனக்கா மட்டும் நின்றாள்.

அவள் மறுபடியும் மீனை விட்டுவிட்டாள். இந்தமுறை நேர்த்தி இல்லை, தண்டனை. கடைசிவரை தொடவில்லை. சுவாமியார் சொல்லியும் கேட்கவில்லை. கடந்த மாரியில் சாகும்போது எலும்பும் தோலுமாக இருந்தாள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நானும் நின்று செபம் சொன்னேன். அங்கேயும் என் குரல் நன்றாகத்தான் இருந்தது. சொல்ல நினைத்தது மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை.

ஆனால் என்னை வதைப்பது அந்தக் கட்டில் அல்ல. அதற்கு முந்தின நாலு வருடங்கள். சண்டை முடிந்து, கேட்க இனி ஒன்றும் இல்லாதபோதும், வள்ளம் வரும் நாளெல்லாம் அவள் சங்கக்கடைக்கு வந்தாள். சனம் போனபிறகும் நின்றாள். தலைப்பு, விலைவாசி, மருந்து விளம்பரம், கடைசியில் அச்சிட்டவர் பெயர்வரை என்னை வாசிக்கச்சொல்லிக் கேட்டாள். இனி ஒருநாளும் பாதியில் போய்விடக்கூடாது என்று அவளுக்குப் பயம். நான் பேப்பரை மடிக்கும்போது கிட்ட வந்து கேட்பாள்.

"முடிஞ்சுதோ தம்பி? கீழை இன்னும் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அக்கா," என்பேன். "அவ்வளவுதான்."