எந்தக் கங்காணியம்மா?

விருது விழா நடத்துகிறவர்களுக்கு யாரும் விருது கொடுப்பதில்லை. கொடுத்தால் அதற்கும் ஒரு விழா வைக்க வேண்டும், அதையும் நம் தலையிலேயே கட்டிவிடுவார்கள். சங்கத்திலோ கோயிலிலோ பழைய மாணவர் மன்றத்திலோ ஒருதரம் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் சொந்தக்காரர்கள்தான், பக்கத்தில் வந்து உட்காருங்கள். கண்டி வட்டாரத்துப் பெண்களின் சாதனைகளுக்கு விருது கொடுக்கும் விழாவை நான் நடத்தி முடித்துவிட்டேன். 'முடித்துவிட்டேன்' என்று எழுதும்போதே என் முதுகுவலி பாதி குறைகிறது.

கையைத் தூக்கிய கதை

என் வீடு வத்தேகமவில். வேலை கண்டி டவுனில் ஒரு பாமசியில். மருந்துச் சீட்டில் டொக்டர்மாரின் கையெழுத்தைப் படித்துப் படித்து உலகத்தில் எதையும் சமாளிக்கலாம் என்ற தைரியம் எனக்கு இருந்தது. எங்கள் மகளிர் சங்கத்தில் தமிழ், முஸ்லிம் பெண்கள் எல்லோரும் இருக்கிறோம். தலைவி பாயிஸா ராத்தா. ராத்தா என்றால் அக்கா. எங்களில் மூத்தவர் பலருக்கும் அவர் ராத்தாதான்.

அன்றைய கூட்டத்தில் மின்விசிறி என் தலைக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கோ தடிமன். அதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து ராத்தா, "விருது விழாவ யாரு பொறுப்பெடுக்கிற?" என்று கேட்டு முடித்திருக்கிறார். மூக்கடைப்பில் அது என் காதில் விழவே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மின்விசிறிக்கு எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில் ராத்தா எழுந்து வந்து என் தலையைத் தடவினார்.

"அல்லாஹ் ஒன்ன நல்லா வெக்கட்டும் மகள், ஒத்தரும் கெஞ்சாமலே ஏத்துக்கிட்ட!"

விருதென்றால் சந்தேகம்

விருது வேண்டாம் என்று சொல்ல யாராவது இருப்பார்களா என்று நினைத்திருந்தேன். இருக்கிறார்கள். வத்தேகம சந்தைக்குப் பக்கத்தில் முச்சக்கர வண்டி ஓட்டும் லூர்துமேரியைத் தெரிவு செய்திருந்தோம். எங்கள் பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் பெண் அவள்தான். கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால் எந்த மழையிலும் மறுபேச்சுப் பேசாமல் வண்டியை எடுப்பாள்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மலரும், நானும் கூட மலரலாம் என்று போனேன். அவளோ வண்டியின் கண்ணாடியைத் துடைத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டாள். ஒரு சதமும் வேண்டாம் என்றேன். யாருடைய படத்தையாவது வண்டியில் ஒட்ட வேண்டுமா என்றாள். அதுவும் வேண்டாம், வந்து வாங்கிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும் என்றேன். அப்போதுதான் அவளுக்கு என்மீது முழுச் சந்தேகமும் வந்தது.

"காசும் வாங்காம, போட்டோவும் ஒட்டாம குடுக்கிறீங்கன்னா, அது என்னா விருது மிஸ்?"

கலஹாவுக்கு ஒரு போன்

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த பெயர்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. அங்கே போய்வரும் மருத்துவமாது ஒருவர் அனுப்பியிருந்தார். பெயர் புஷ்பராணி. கொழுந்து பறிக்கும் பெண்களை மேய்க்கும் கங்காணி வேலை அந்தத் தோட்டத்தில் எந்தக் காலத்திலும் ஆண்களுக்கே. அந்த வேலைக்கு வந்த முதல் பெண் இவள். "அவளோட கொழுந்துக்காரப் பிள்ளைகள் எல்லாம் அவளை வாய் நிறைய கங்காணியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்" என்று மருத்துவமாது எழுதியிருந்தார். படிக்கும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

புஷ்பராணியின் கைத்தொலைபேசி மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழுந்து செத்துப்போனதால், தோட்டத்துக் கடையின் இலக்கத்தைத்தான் தந்திருந்தார்கள். கடைக்காரரிடம் புஷ்பராணிக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்றேன். எந்தப் புஷ்பராணி, மேல்கணக்குப் புஷ்பராணியா, பங்களாவில் வேலை செய்யும் புஷ்பராணியா, கோயிலடிப் புஷ்பராணியா என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். என் பாமசி வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நான் அவசரத்தில், "கங்காணியம்மா அண்ணே, கங்காணியம்மா! ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கு வந்து விருது வாங்கச் சொல்லுங்க" என்று கத்தினேன். மறுமுனையில் அவர் குரல் தெளிந்தது.

"அட, அவங்களா! அப்படி வெளக்கமா சொல்லுங்களேன், இப்பவே வீட்டுக்குப் போயி சொல்லிடுறேன்."

பிரதம அதிதி

பெண்களுக்கு விருது கொடுக்கப் பிரதம அதிதியாக ஓர் ஆண்தான் வர வேண்டுமா என்று நான் கேட்டேன். மண்டபத்தை இலவசமாகப் பிடித்துத் தந்தவர் அவர்தான் என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

விழாவுக்கு முதல்நாள் அவருடைய செயலாளர் பேசினார். பிரதம அதிதி பதினொரு மணிக்குக் கட்டாயம் கிளம்ப வேண்டுமாம். நான் நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாகப் புரட்டினேன். நடனங்கள் இரண்டு பறந்தன. வரவேற்புரை நன்றியுரையோடு ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன். செயலாளர் வெகு மரியாதையாகப் பதில் சொன்னார்.

"சேருக்குப் பதினொரு மணிக்கு இன்னொரு கல்யாணம் இருக்கு, மிஸ்."

வேனில் வந்த விருந்தாளி

ஞாயிறு காலை மண்டப வாசலில் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது கலஹா வேன்தான். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண்மணி இறங்கினார். பின்னாலேயே வேட்டி, கோட்டோடு அவருடைய கணவர், மகள்மார், மருமகன்மார், ஒரு மகளின் கையில் மாலை. எனக்கு ஒரே சந்தோஷம். கதிரையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, அறிவிப்பாளர் மேடையில் சொல்வதற்காக, "உங்க பொறுப்பில் எத்தனை பேர் கொழுந்து எடுக்கிறாங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நான் மலைக்குப் போறத விட்டு நாளாச்சு மிஸ். கங்காணி இவருதானே" என்று கணவரைக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கங்காணியின் மனைவியைத் தோட்டத்தில் கங்காணியம்மா என்பார்கள். ஒரு பெண்ணே கங்காணியாகிவிட்டால் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அவளிடம் கொழுந்து எடுக்கும் பிள்ளைகள் அவளுக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பெயரை நான்தான் மாற்றிச் சொல்கிறேன் என்று நினைத்த கடைக்காரர் சரியாகத்தான் செய்தார். அவருக்குத் தெரிந்த கங்காணியம்மா என் முன்னால் உட்கார்ந்திருந்த இந்த அம்மாதான், பெயர் ராஜம்மா. நான் தேடிய புஷ்பராணிக்கோ இப்படி ஒரு விழா நடப்பதே தெரியாது.

"விருது எதுக்குன்னு சொன்னாங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். "நாலு புள்ளைகளையும் படிக்க வச்சேன்ல, அதுக்கா இருக்கும்னு நெனச்சோம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேசையில் புஷ்பராணியின் பெயர் பொறித்த கேடயம் பளபளத்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த அம்மாவைக் குடும்பத்துக்கு முன்னால் கூசவைத்த பாவம் எனக்கு. சொல்லாமல் விட்டால் மலையில் பெயரெடுத்தவளின் கேடயம் வேறு வீட்டு அலுமாரிக்குப் போகும். பாயிஸா ராத்தாவைப் பார்த்தேன். அவர் வாயில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ராஜம்மாவின் பக்கத்தில் குந்தி, கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ராஜம்மா தன் மகளின் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். பிறகு, "நம்ம புஷ்பராணிக்கா? அவளுக்கு வந்ததா?" என்று கேட்டுவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தார். வேனை எடுத்துக்கொண்டு போய் அவளைக் கூட்டிவரச் சொன்னார். கங்காணியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. பொம்பளைக்கெல்லாம் எதற்குக் கங்காணி வேலை என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்ச் சண்டை பிடித்தவரே அவர்தானாம், மகள் என் காதில் சொன்னாள். ட்ரைவரை அனுப்பினால் போதாதா என்று அவர் இழுத்தார். ராஜம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"ட்ரைவர் போயி சொன்னா அவ நம்ப மாட்டா. நீங்க போயி கூப்புட்டாத்தான் நம்புவா."

இழுத்தடித்தல்

வேன் கலஹாவுக்குப் போய்த் திரும்பும்வரை விழாவை இழுக்க வேண்டும். பிரதம அதிதியின் கல்யாணத்துக்காக விழாவை ஓடவும் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து பாருங்கள், அப்போது என் கஷ்டம் தெரியும்.

பிரதம அதிதி மணி பார்த்தபடியே கேடயங்களைக் கொடுத்தார். லூர்துமேரி வாங்கும்போது அதைத் திருப்பி, பின்பக்கத்தில் யாருடைய படமாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள். கடைசியாகப் புஷ்பராணியின் பெயர் வரவேண்டிய இடத்தில் நான் தேநீர் இடைவேளை விட்டேன். அதிதி தேநீரையும் குடிக்காமல் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அவரோடு முன்வரிசையும் எழுந்து போனது.

அறிவிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் வங்கி வேலை பார்ப்பவர். அண்ணே, எப்படியாவது பேசிக்கொண்டிருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மனிதர் பெண்ணின் பெருமையைச் சொன்னார், தாயின் பெருமையைச் சொன்னார், பிறகு தன் மனைவியின் பெருமையைச் சொன்னார். சபை சாப்பாட்டுப் பார்சல் இருக்கும் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்துவிட்டது. நான் வாசலுக்கும் மேடைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"ஓம் தங்கச்சி, சமாளிக்கிறன். ஆனா பெண் பார்க்கப் போன கதை வரைக்கும் வந்திட்டன், கெதியா வரச் சொல்லுங்கோ!"

இந்தாங்க

கடைசியில் வேன் வந்தது. அதிலிருந்து புஷ்பராணி இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தண்ணீர் விழும் பீலியடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாளாம். தலைமயிர் இன்னும் ஈரம். அகப்பட்ட சேலையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். கங்காணியார் வாசலில் வந்து நின்றதும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாளாம். பேராதனை வரும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். பேராதனைப் பாலத்தில்தான், "ஒனக்கு விருது குடுக்கிறாங்க" என்றாராம்.

அறிவிப்பாளர் தன் கல்யாணத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு அவளுடைய பெயரைச் சொன்னார். அவள் மேடைக்கு வந்துவிட்டாள். ஆனால் கேடயம் கொடுக்க அதிதி இல்லை. ராத்தா கொடுக்க வேண்டும் என்று நான் சைகை காட்டினேன். ராத்தா கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நேரே சபைக்குள் இறங்கி, பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்த ராஜம்மாவின் கையில் வைத்தார். "நீங்க குடுங்க" என்றார்.

ராஜம்மா மேடையேறினார். தனக்கென்று கொண்டுவந்த மாலையை மகளிடமிருந்து வாங்கி முதலில் அதைப் புஷ்பராணியின் கழுத்தில் போட்டார். புஷ்பராணி "நீங்க போய்..." என்று ஏதோ தடுக்கப் பார்த்தாள். சாப்பாட்டுப் பக்கம் திரும்பியிருந்த சபை முழுக்க மேடைப் பக்கம் திரும்பியது. கீழே கங்காணியார் எழுந்து நின்றிருந்தார், எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்ததோ என்னவோ. நான் திரைக்குப் பின்னால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன், இந்தத்தரம் தடிமனால் அல்ல. அதுவரை 'நம்ம புஷ்பராணி', 'அவ' என்று சொல்லிக்கொண்டிருந்த ராஜம்மா கேடயத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாங்க, கங்காணியம்மா."

எல்லாம் நல்லபடியாக முடிந்த நிம்மதியில் ஒன்றை மட்டும் தீர்மானித்திருக்கிறேன்: அடுத்த கூட்டத்தில் அந்த மின்விசிறி கழன்று என் மடியிலேயே விழுந்தாலும் நான் கையைத் தூக்கப் போவதில்லை.